ஏழாவது பிஸ்டலும் என் அம்மாவின் படியும்

1

போன சனிக்கிழமை மகளுக்குப் பள்ளிக்கூடத்து பூட்ஸ் வாங்கப் போனேன். வழியில் ஒரு கடையின் கண்ணாடிக்குள் ஒரு பழைய பிஸ்டல் இருந்தது. நின்றுவிட்டேன். யுத்தத்துக்கு முந்தி என் வேலையைத் தின்ற பிஸ்டல் அது.

இங்கே பர்மிங்ஹாமில் நான் ஒரு ஆஸ்பத்திரியின் கொதிகலனுக்குக் கரி போடுகிறேன். விடிகாலை போய் மதியம் திரும்புவேன். கிழங்கு, ரொட்டி, ரேஷனில் கிடைக்கிற கறி. சீமையில் நீ துரை மாதிரி இருப்பாயாமே என்று விழுப்புரத்திலிருந்து கேட்கிறார்கள். துரை மாதிரி இல்லை. கரி மாதிரி இருக்கிறேன்.

நான் படித்தது மூன்றாம் வகுப்பு வரைதான். எழுத்துப் பிழை இருந்தால் அச்சுப் போடுகிறவர் திருத்திக்கொள்ளட்டும். விஷயத்தைத் திருத்த வேண்டாம்.

2

பிஸ்டலுக்கு முன்னால் ஒரு படியைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

திண்டிவனத்திலிருந்து கிளியனூர் போகிற சாலையில் எங்கள் ஊர். எங்களுக்கு நிலம் கிடையாது. மாசி, பங்குனியில் பெரிய வீட்டுக்காரர் கொல்லையில் மல்லாட்டை என்கிற நிலக்கடலையைப் பிடுங்கி ஆய்வோம். ஆய்ந்ததை அளந்து வாங்கிக்கொண்டு, பத்துப் படிக்கு ஒரு படி கூலி போடுவார்கள். அவர் வீட்டில் இரண்டு படி உண்டு. ஆய்ந்ததை அளக்கப் பெரிது. கூலி போடச் சின்னது. இரண்டிலும் முத்திரை கிடையாது. இது எல்லோருக்கும் தெரியும். யாரும் சொன்னதில்லை.

அந்த வருஷம் என் அம்மா அஞ்சலை திண்டிவனம் சந்தையில் ஒரு இரும்புப் படி வாங்கி வந்தாள். விளிம்பில் சர்க்கார் முத்திரை குத்தின படி. அதை முந்தானையில் மூடிக் களத்துக்குக் கொண்டுபோனாள். எனக்கு அப்போது மீசை முளைத்துவிட்டது. பக்கத்தில்தான் நின்றேன்.

"ஆண்டே, இதுல அளந்து போடுங்க" என்றாள்.

"இன்னாடி அது?"

"முத்திரப் படிங்க."

"ஏன், என் படிக்கு இன்னா கொறச்சல்?"

"படிக்கு ஒரு கொறச்சலும் இல்லீங்க. எங்க வயித்துக்குத்தான்."

களத்தில் யாரோ சிரித்துவிட்டார்கள். அதுதான் அவருக்குப் பொறுக்கவில்லை.

"பத்து வருஷமா இதே படிதான அளந்துக்கினு இருக்கேன்? இன்னிக்கு மட்டும் திருட்டுப் படி ஆயிடுச்சா?"

"நான் அப்டிச் சொல்லலிங்களே. நீங்கதான் சொல்றீங்க."

அன்றைக்கு அவள் படியில்தான் அளந்தார்கள். மறுநாள் எங்களைக் களத்துக்குக் கூப்பிடவில்லை. அடுத்த களத்திலும் கூப்பிடவில்லை. அப்பா ஒரு வார்த்தை திட்டவில்லை. சட்டிபானையைக் கட்டினார். விழுப்புரம் ஜங்ஷனுக்கு வந்து, இன்ஜினுக்குக் கரி இறக்குகிற வேலையில் அப்பாவும் நானும் சேர்ந்தோம். அம்மா படியைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு நடந்து வந்தாள். வெயிலுக்கு ஆயிற்று என்றாள்.

அன்றைக்கு எனக்கு ஒன்று பதிந்தது. முத்திரை உள்ளது யோக்கியம். முத்திரை இல்லாதது திருட்டு. படிக்கும் அதுதான், தராசுக்கும் அதுதான். இதை யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை. கரி மூட்டை சொல்லித் தந்தது.

3

கரி தெரிந்தவனுக்குக் கப்பலில் வேலை உண்டு என்றார்கள். நானும் என் கூட்டாளி விக்கிரவாண்டி மண்ணாங்கட்டியும் புறப்பட்டோம். புதுச்சேரிக்குள் நுழைகிற பிரஞ்சுக்காரன் எல்லையில் சுங்கச் சாவடி. மூட்டையைப் பிரித்துப் பார்த்துச் சுண்ணாம்புக் கட்டியால் ஒரு கோடு போட்டு விட்டான். புதுச்சேரியில் கப்பல். கொதிகலன் அடியில் பல மாதம். கடைசியில் லிவர்பூலில் இறங்கி, திரும்பி ஏறவில்லை.

இங்கே போலீஸ் கச்சேரியில் பெயர் கேட்டார்கள். வேலாயுதம் என்றேன். எழுதுகிறவன் தலையைச் சொறிந்து, வில்லி உதம் என்று எழுதினான். வெள்ளைக்காரன் ஆட்சியில் பிறந்த பிரஜைதானே நான், எனக்கு எதற்குப் பதிவு என்றேன். பிரஜை என்பதற்கு முத்திரைக் காகிதம் எங்கே என்றான். கிடைக்க ஒன்றரை வருஷம் ஆயிற்று. இன்றைக்கும் சட்டைப் பையில் வைத்திருக்கிறேன்.

பர்மிங்ஹாம் துப்பாக்கி செய்கிற ஊர். அங்கே ஒரு பழைய ஆயுதக் கடையில் துடைக்கிற வேலை கிடைத்தது. நோரா என்கிற அயர்லாந்துக்காரியைக் கல்யாணம் செய்துகொண்டேன். அவளும் இந்த ஊருக்கு வெளியாள்தான். மகள் பிறந்தாள். பொன்னம்மாள் என்று சொன்னேன். பானி மால் என்று எழுதினார்கள்.

கடைத்துரை கெட்டவர் இல்லை. மழை நாளில் டீ கொடுப்பார். கடைக்கு வருகிறவர்கள் பழைய பட்டாளத்து பிஸ்டல் சேர்க்கிறவர்கள். சுடுவதற்கு இல்லை. வைத்துப் பார்ப்பதற்கு. ஒரு ரிட்டயர் ஆன கேப்டன் வாராவாரம் வருவார். மாட்டுச் சந்தையில் பல்லைப் பிடித்துப் பார்க்கிற மாதிரி, பூதக்கண்ணாடியை வைத்துக்கொண்டு இரும்பைப் பார்ப்பார்.

அவர் பார்ப்பது முழுக்க முத்திரைகளைத்தான். செய்த பட்டறையின் முத்திரை. பட்டாளத்துக்காகச் சரிபார்த்தவனின் எழுத்து. படைப்பிரிவின் நம்பர். இவை தெளிவாக இருந்தால் முகம் மலரும். தேய்ந்திருந்தால் உதடு பிதுங்கும். முத்திரை என்றால் இந்த ஊரிலும் மரியாதைதான் என்று நினைத்துக்கொண்டேன்.

இன்னொரு முத்திரையும் உண்டு. வெளிநாட்டில் செய்த துப்பாக்கி இங்கே விற்பனைக்கு வந்தால், சோதனைக் கச்சேரி என்கிற ஆபீசுக்குக் கொண்டுபோக வேண்டும். அங்கே அளவுக்கு மீறி வெடிமருந்து போட்டு, இரும்புப் பெட்டிக்குள் வைத்து வெடிப்பார்கள். குழல் தாங்கினால் கிரீடமும் எழுத்தும் அதன் மேல் குத்துவார்கள். கூடவே மூன்று வார்த்தை: நாட் இங்கிலீஷ் மேக். இங்கிலீஷ்காரன் செய்ததில்லை என்று அர்த்தம்.

தினம் அந்த மூன்று வார்த்தையைத் துடைத்தேன். வெட்கமாக இல்லை. நானும் இங்கிலீஷ்காரன் செய்ததில்லை. அளவுக்கு மீறிப் போட்டுப் பார்த்தார்கள். நானும் வெடிக்கவில்லை.

4

யுத்தத்துக்கு முந்திய வருஷம். துரை வெளியூர் போயிருந்தார். மேஜை மேல் ஒரு பெட்டி. கச்சேரிக்குக் கொண்டுபோக வேண்டிய பிஸ்டல்கள். ஆறு என்று சீட்டு. பெட்டியில் ஆறு இருந்தது. பக்கத்தில் துணியில் சுற்றி ஏழாவது ஒன்று.

பிரித்தேன். பிரஞ்சுக் குதிரைப்படை பிஸ்டல். நூறு வருஷத்துக்கு மேலே இருக்கும். பித்தளைப் பூண், வால்நட் கட்டை, விசை அடிக்கிற பூட்டுக்குக் கீழே மரத்தில் நகம் அளவு ஒரு சில்லு பெயர்ந்திருந்தது. பிரஞ்சு முத்திரை நாலு இருந்தது. கச்சேரி முத்திரை மட்டும் இல்லை.

பெட்டியில் இருப்பதையெல்லாம்விட நல்ல சரக்கு. அதைப் போய் மறந்துவிட்டாரே என்று நினைத்தேன். முத்திரை இல்லாமல் விற்றால் துரைக்குத்தானே கெட்ட பெயர். பெட்டியில் வைத்தேன்.

கச்சேரியில் எழுதுகிறவர், "சீட்டில் ஆறுதானே இருக்கிறது?" என்று கேட்டார்.

"துரை மறந்துவிட்டார். ஏழு" என்றேன்.

ஏழு என்று திருத்தி, கையெழுத்துப் போடு என்றார். தமிழில் போட்டேன். எனக்கு அதுதான் வரும்.

பெஞ்சில் உட்கார்ந்து வெடிச் சத்தத்தை எண்ணினேன். ஏழாவதுக்கு எழுந்து நின்றுவிட்டேன். அவ்வளவு பழைய குழல். தாங்கிவிட்டது. கொண்டுவந்து, துடைத்து, முத்திரை மேல்பக்கம் தெரிகிற மாதிரி மேஜை மேல் வைத்தேன். அம்மா படியை நீட்டின மாதிரிதான் இருந்திருப்பேன்.

துரை வந்தார். பார்த்தார். நாற்காலியைத் தேடிப் பிடித்து உட்கார்ந்தார்.

"இதைக் கொன்றுவிட்டாய்" என்றார்.

"இல்லை சார். வெடிக்கவில்லை. நல்ல குழல்."

"இது சுடுவதற்கா, முட்டாள்? சுவரில் மாட்டுவதற்கு! சுவர் அலங்காரம் என்று விற்றால் சோதனை வேண்டாமென்று எத்தனை தடவை சொல்லியிருக்கிறேன்?"

சொல்லியிருப்பார். அது எனக்குக் காதில் ஏறவில்லை. முத்திரை இல்லாமல் ஒன்றை விற்கலாம் என்பதே எனக்குப் புரியாத பாஷை.

கேப்டனை வரச் சொன்னார். அவருக்காகத்தான் அதைத் தனியே சுற்றி வைத்திருந்தாராம். கேப்டன் பூதக்கண்ணாடியை வைத்துப் பார்த்தார். அவர் சொன்னதைச் சொல்கிறேன். பிஸ்டல் பட்டறையை விட்டு வந்த அன்று எப்படி இருந்ததோ, பட்டாளத்தில் என்ன பட்டதோ, அதுதான் வேண்டும். அதற்கப்புறம் ஒரு வியாபார ஊரில் விழுந்த குத்து அதன் கதையில் சேராது. சின்னதாக, கட்டைக்குள் மறைகிற இடத்தில் விழுந்திருந்தால் பொறுக்கலாம். இது குழலின் நடு நெற்றியில். விலையில் பாதி போயிற்று.

"இருந்தாலும் முத்திரையோடு கொடு. பாதி விலைக்கு எடுத்துக்கொள்கிறேன்" என்றார். "ஆனால் அரம் போட்டு ராவிவிடாதே. ராவினால் ஒரு புண் இரண்டாகும்."

துரை கொடுக்கவில்லை. முழு விலை மனசில் ஏறிவிட்டது.

எனக்கு இன்னும் அது ஒப்பவில்லை. ஒரே இரும்பில் ஐந்து முத்திரை. நாலு நல்லதாம், ஒன்று கெட்டதாம். பிரஞ்சுக்காரன் குத்தினால் சரித்திரம். இறங்கின ஊர்க்காரன் குத்தினால் புண். கடல் தாண்டி வந்ததும் கதைதானே? நான் வரவில்லையா?

5

மறுநாள் காலை மேஜை மேல் ஒரு பொடி அரம் இருந்தது. பக்கத்தில் எண்ணெய், மரத்தூள், மெருகுத் தோல்.

"நீ போட வைத்தாய். நீயே எடு" என்றார் துரை. "பக்குவமாக ராவி, பழைய நிறம் ஏற்று. உன் கைக்கு வரும். செய்துவிட்டால் நடந்ததை மறந்துவிடுகிறேன்."

சோதனை முத்திரையை அழிப்பது குற்றம். அதைச் சொல்லித் தந்தவரே அவர்தான்.

"கையில் அரம் பிடிக்க உங்களுக்கும் தெரியும் சார்" என்றேன்.

அவர் அரத்தை என் பக்கம் நகர்த்தினார். சாயங்காலம் வரை யோசித்துச் சொல் என்றார்.

மத்தியானம், என்னோடு கப்பலில் வந்த மண்ணாங்கட்டியின் அறைக்குப் போனேன். அவனுக்கு இரும்பு உருக்கி வார்க்கிற சாலையில் வேலை. கால் புண்ணுக்குத் துணி கட்டிக்கொண்டிருந்தான்.

"இன்னா மாமா, மூஞ்சி மல்லாட்டத் தோல் மாதிரி கீது?"

சொன்னேன்.

"அடப் பேஜாரே! இதுக்கா இப்டி உக்காந்துக்கினு கீற? ஜல்தியா ரெண்டு இழுப்பு இழு, எண்ணெயத் தடவு, போய்க்கினே இரு. வெள்ளக்காரன் பிஸ்டல், வெள்ளக்காரன் முத்திர. நடுவுல நீ யாரு? கலெக்டரா?"

"மாட்டினா யாருடா உள்ள போறது?"

"நீதான். அதுல இன்னா சந்தேகம்? நோட்டுல தமிழ்ல கையெழுத்துப் போட்டது நீதான?" என்று சிரித்தான். பிறகு சிரிப்பை நிறுத்தினான். "வேல போச்சுன்னா கொழந்தைக்குப் பாலுக்கு இன்னா பண்ணுவ மாமா?"

பொன்னம்மாள் அப்போது கைக்குழந்தை. குளிர் ஆரம்பித்துவிட்டது. வேலை இல்லாத வெள்ளைக்காரனே தெருவில் வரிசை நின்ற காலம். கறுத்தவனுக்கு வரிசையே கிடையாது.

வீட்டுக்குப் போய் நோராவிடம் சொன்னேன். குழந்தையை இடுப்பில் மாற்றிக்கொண்டு கேட்டாள்.

"ராவினால் யாருக்காவது தெரியுமா?"

"கண்ணுக்குத் தெரியாது. கட்டை விரல் வைத்தால் தெரியும். பள்ளமாக இருக்கும்."

"எத்தனை நாளைக்கு?"

"இரும்பு இருக்கிறவரை."

அடுப்பில் கரி எவ்வளவு இருக்கிறது என்று திறந்து பார்த்தாள். மூடினாள். "அப்படியானால் போய்ச் சொல்லிவிட்டு வா" என்றாள்.

போனேன். துரை கணக்குப் பார்ப்பது போல் குனிந்திருந்தார். அரத்தை அவர் முன்னால் வைத்தேன்.

"முடியாது சார். நான் செய்தது தப்பு. அதற்கு என்ன வேண்டுமானாலும் சொல்லுங்கள். இது திருட்டு."

"நன்றி கெட்டவன்" என்றார்.

"டீ நன்றாக இருந்தது சார். அதற்கு நன்றி."

தொப்பியை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். அந்தக் குளிர்காலத்தை எழுத மாட்டேன். கழிந்தது. வசந்தத்தில் ஆஸ்பத்திரிக் கரி கிடைத்தது. பிறகு யுத்தம். குண்டு விழுகிற ஊரில் முத்திரையைப் பற்றி யாரும் பேசவில்லை.

6

மகளுக்கு இப்போது பத்து வயசு. நான் தமிழில் கேட்டால் இங்கிலீஷில் பதில் சொல்வாள். தெருவில் நான் தமிழ் பேசினால் இரண்டடி முன்னால் நடப்பாள். பள்ளிக்கூடத்தில் அவளை ஸ்பெயின்காரி என்று நினைக்கிறார்களாம். இவளும் இல்லையென்று சொல்லவில்லை. எனக்குத் தெரியும். கேட்கவில்லை.

அவளுக்குத் தெரிந்த தமிழ் கொஞ்சம். அதிலும் ஒரு குழப்பம். பாட்டி படியின் கதையைச் சொல்லியிருந்தேன். படி என்றால் அவளுக்குத் தெரிந்தது புத்தகம் படிப்பதுதான். தினம் "படி, படி" என்கிறேனே. ஒரு நாள் சாப்பாட்டு மேஜைக்கு அடியில் படப் பத்திரிகையை ஒளித்துவைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். என்ன அது என்றேன். "திருட்டுப் படி, அப்பா" என்றாள். சிரித்துவிட்டேன். திருத்தவில்லை.

போன சனிக்கிழமைக்கு வருகிறேன்.

பூட்டுக்குக் கீழே நகம் அளவு சில்லு. அதுதான் அடையாளம். கடை வேறு தெருவுக்கு மாறியிருந்தது. பெயர்ப்பலகை அதேதான். பிஸ்டலுக்குக் கீழே ஒரு அட்டை.

"படி" என்றேன்.

"அப்பா, பூட்ஸ் கடை மூடிவிடும்."

"படி."

படித்தாள். பிரஞ்சுக் குதிரைப்படை பிஸ்டல். கை படாதது. வந்தபடியே உள்ளது. பிற்காலத்தில் குத்தின முத்திரை எதுவும் இல்லை.

கண்ணாடியில் நெற்றியை வைத்துப் பார்த்தேன். குழலில் வெளிச்சம் ஓரிடத்தில் வளைந்தது. யாரோ ராவியிருக்கிறார்கள். நல்ல கை. என் கை அளவுக்கு இல்லை.

கதவைத் தள்ளிக்கொண்டு போனேன். அவள் என் சட்டைக் கையைப் பிடித்து இழுத்தாள். உள்ளே துரை, தலை முழுக்க நரைத்திருந்தார். எதிரில் ஒருவர், வாத்தியார் மாதிரி இருந்தார். இதன் ஜோடி பிஸ்டலை அவர் கொண்டுவந்து மேஜை மேல் வைத்திருந்தார். கண்ணாடிக்குள் இருப்பதை எடுத்துக் காட்டச் சொல்லிக்கொண்டிருந்தார். வாங்கத்தான் வந்திருக்கிறார்.

துரை எடுத்துக் கொடுத்தார். என்னைப் பார்த்து, "என்ன வேண்டும்?" என்றார்.

"ஏழாவது பிஸ்டல் சார்" என்றேன்.

அவர் கன்னம் அசைந்தது. என்னை அடையாளம் தெரிந்துவிட்டது.

நான் வாங்குகிறவரிடம் சொன்னேன். "அதில் ஒரு சீல் இருந்தது. நான் போட வைத்தேன். இப்போது இல்லை."

"சீலா?" அவர் புருவத்தைத் தூக்கினார். சீல் என்றால் கடலில் நீந்துகிற ஒரு பிராணியாம். மீசை வைத்ததாம். பிறகு மகள் சொன்னாள்.

"இந்த ஆளுக்கு இங்கிலீஷ் வராது" என்றார் துரை. "யாரோ வழி தவறி வந்திருக்கிறான். நீங்கள் பாருங்கள்."

பதினாலு வருஷமாகப் பேசுகிற இங்கிலீஷ், வேண்டிய நேரத்தில் வரவில்லை. வாயைத் திறந்தேன். தமிழ்தான் வந்தது. "பள்ளம்! வெரல வச்சிப் பாரு!" என்று கத்தினேன்.

என் சட்டைக் கையை இழுத்துக்கொண்டிருந்த பிடி விட்டது. வெளியே ஓடப்போகிறாள் என்று நினைத்தேன்.

பொன்னம்மாள் மேஜைக்குப் போனாள். குதிகாலைத் தூக்கி நின்று, வாங்குகிறவரின் கட்டை விரலைப் பிடித்துக் குழலின் மேல் வைத்தாள். இந்த ஊர்ப் பிள்ளைகள் பேசுகிற சுத்தமான இங்கிலீஷில் சொன்னாள்: "இங்கே அமுக்குங்கள். பள்ளமாக இருக்கிறதா? இங்கே கச்சேரி முத்திரை இருந்தது. அதை அரத்தால் எடுத்திருக்கிறார்கள். அது குற்றம். என் அப்பா எடுக்க மாட்டேன் என்று சொன்னார். அதனால் வேலை போயிற்று."

இதையெல்லாம் நான் அவளிடம் சொன்னதில்லை. நோரா சொல்லியிருக்க வேண்டும்.

அவர் கட்டை விரலை முன்னும் பின்னும் ஓட்டினார். ஜன்னல் பக்கம் கொண்டுபோய்ப் பார்த்தார். திரும்பி வந்து பிஸ்டலை மேஜை மேல் வைத்தார். தொப்பியைப் போட்டு, தன் ஜோடி பிஸ்டலை எடுத்துக்கொண்டு, துரையிடம் ஒன்றும் சொல்லாமல் போய்விட்டார்.

"அந்த ஆள் என்ன சொன்னார் என்று கேட்க வேண்டாம் அப்பா, ஒன்றும் சொல்லவில்லை" என்றாள் மகள்.

பிறகு கண்ணாடிக்குள் இருந்த அட்டையை எடுத்தாள். துரையின் முன்னால் கவிழ்த்து வைத்தாள்.

"திருட்டுப் படி" என்றாள். தமிழில். உரக்க.

துரை என்னைப் பார்த்தார். "இந்தப் பெண் என்ன சொல்கிறாள்?"

"அட்டையைப் படித்தாள் சார்" என்றேன்.

பூட்ஸ் கடை மூடியிருந்தது. அடுத்த சனிக்கிழமை போக வேண்டும். திரும்பி வரும்போது அவள் முன்னால் நடக்கவில்லை. பக்கத்தில் நடந்தாள்.